எத்தனை மீட்டர் என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

விடுமுறையில் சிட்னியிலிருந்து ஆரஞ்சு வட்டாரத்து ஒயின் தோட்டங்களைப் பார்க்கப் போகிறாய். எந்த ஒயினுக்கு எத்தனை பதக்கம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகாதே. போகிற இடமெல்லாம் தோட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று முதலில் கேள். ஆரஞ்சைத் தனி வட்டாரமாக்கியிருப்பதே உயரம்தான். அதன் எல்லையைக் கடல்மட்டத்துக்கு மேல் 600 மீட்டர் என்ற கோட்டை வைத்து வரைந்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே விளைந்த பழத்தின் ஒயின் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஊருக்கு அருகே நிற்கும் கனோபோலஸ், அணைந்துபோன எரிமலை. உயரம் ஏறத்தாழ 1,395 மீட்டர். அதன் சரிவில் 1,000 மீட்டரைத் தாண்டியும் திராட்சைக் கொடிகள் உண்டு. பெயரை நம்பி ஆரஞ்சுப் பழம் தேடிவிடாதே. அது ஐரோப்பிய இளவரசர் ஒருவரின் பட்டம். அங்கே பேர்போனவை ஆப்பிளும் செர்ரியும்தான். குளிர்காலத்தில் போதிய குளிர் படாவிட்டால் ஒழுங்காகப் பூக்காத மரங்கள் அவை.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.6 டிகிரி குறையும். 600இலிருந்து 1,100 வரை கணக்குப் போட்டால் 3 டிகிரி. நமக்கு அது ஒரு சால்வையோடு தீர்ந்துவிடும், பழத்துக்கு அப்படியில்லை. திராட்சைக்குப் புளிப்பு தரும் முக்கிய அமிலங்களில் ஒன்று மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் நாம் உணர்கிற அதே புளிப்பு. பழம் முதிரும்போது சுவாசத்தில் அது செலவாகிறது. வெயில் ஏற ஏற வேகமாகச் செலவாகும். குளிர்ந்த மேட்டில் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, அதற்குள் புளிப்பு கரைந்துபோவதில்லை. ஒரே ஆண்டின் ஷார்டனே ரக ஒயின் இரண்டை, ஒன்று 650 மீட்டர் வாக்கில் விளைந்தது, மற்றது 1,000 மீட்டரில் விளைந்தது, அடுத்தடுத்து ஊற்றித் தரச் சொல். கீழே விளைந்ததில் பெரும்பாலும் பீச், முலாம்பழ வாசனை வரும். மேலே விளைந்ததில் எலுமிச்சை வாசனை. வாயில் வைத்ததும் நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறும். முகர்வதைவிட அந்த ஊறலைக் கவனி, அது ஏமாற்றாது.

அப்படியானால் உயரம் கூடக் கூட உயர்ந்த ஒயின் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கேபர்னே சாவிஞோன் நிதானமாக முதிரும் ரகம். குளிர் மிஞ்சிய இடத்தில் அது முழுதாகப் பழுக்காமல் பச்சைக் குடைமிளகாய் வாசனையோடு நின்றுவிடும். அதற்குக் கீழ்ச்சரிவுதான் பொருத்தம். பினோ நுவாரும் சாவிஞோன் பிளாங்கும் மேலே நன்றாக வரும். வசந்தகால இரவுகளில் கணக்கு தலைகீழாகிவிடுவதும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கி, உறைபனியை உண்டாக்கி இளந்தளிரைக் கருக்கிவிடும். அப்போது சரிவின் நடுவில் நிற்கும் கொடி தப்பிக்கும், அடியில் நிற்பது மாட்டிக்கொள்ளும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. எரிமலைப் பாறை மக்கிய செம்மண் மலையை ஒட்டித்தான் அதிகம். விலகிப் போனால் சுண்ணாம்பும் களிப்பாறையும் கலந்த மண். அப்படியிருக்க, சுவையை மாற்றியது உயரமா மண்ணா? ஆரஞ்சை மட்டும் பார்த்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆர்ஜென்டினாவின் ஊக்கோ பள்ளத்தாக்கைப் பார். ஆண்டீஸ் அடிவாரம், ஆறு அடித்துவந்த கூழாங்கல் நிலம், ஆரஞ்சின் செம்மண்ணோடு எந்த உறவும் இல்லை. அங்கேயும் சுமார் 900 மீட்டரிலிருந்து 1,500 வரை ஏறும்போது புளிப்பு கூடுகிறது, அறுவடை தள்ளிப்போகிறது. ஆகவே இந்த இரண்டையும் உயரத்தின் கணக்கில் எழுதலாம். கொடி எவ்வளவு செழித்து இலை விடுகிறது என்பதில் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை.

குடிப்பதற்கு ஒரு பயணமா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுவை பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்கு. உனக்கு இருப்பது தற்காலிக ஓட்டுநர் உரிமம் என்றால் நியூ சவுத் வேல்ஸில் ரத்தத்தில் ஒரு துளி மதுகூட இருக்கக் கூடாது. வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். சுவைக்கவே வேண்டாம் என்றாலும் நஷ்டமில்லை. மார்ச், ஏப்ரலில் போனால், கீழே வெட்டி முடிந்த வரிசைகளையும் மேலே இன்னும் குலை தொங்கும் வரிசைகளையும் ஒரே பிற்பகலில் பார்க்க வாய்ப்புண்டு.

பூமி சூடாகி வருவதால் இந்த 600 மீட்டர் கோடு அர்த்தமிழந்துவிடாதா என்று நீயே கேட்பாய். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு டிகிரி கூடினால் பழைய குளிரைப் பிடிக்க சுமார் 170 மீட்டர் ஏற வேண்டும். ஏறுவதற்கு மலை வேண்டுமே! கனோபோலஸின் உச்சி பாதுகாக்கப்பட்ட வனம், அங்கே கொடி நட முடியாது. விக்டோரியாவின் பிரவுன் பிரதர்ஸ் நிறுவனம் 2010இல் தெற்கே தாஸ்மேனியாவில் தோட்டங்களை வாங்கியது. குளிரைத் தேடி ஏறாமல் விலகிப் போகிற வழி அது. ஆரஞ்சின் மேல்சரிவுக்காரர்களுக்கு நகர இடமில்லை, ரகத்தைத்தான் மாற்ற முடியும். 1,000 மீட்டருக்கு மேல் தோட்டம் வைத்திருப்பவரிடம் இப்போது என்ன நடுகிறார் என்று கேள். அங்கே பழுக்காது என்று முன்பு ஒதுக்கிய ரகம் ஏதாவது இருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்