'சைனஸ்' என்னும் சொல்லின் வரலாறு

புனே நகரை அடுத்த கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1916 ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணம் தோற்றுவித்த சிறு நீர்ப்பாசன ஆய்வுப் பிரிவே இவ்வாறு வளர்ந்தது. துறைமுகங்களின் மாதிரிகளை அமைத்து, அவற்றில் செயற்கை அலைகளை எழுப்பி இங்கு ஆராய்கின்றனர். சீரான அலையின் வடிவைச் 'சைன்' வளைகோடு என்பர். தடுமனால் வருந்துவோர் கூறும் 'சைனஸ்' என்பதும் இச்சொல்லே என்பதைப் பலர் அறியார்.

லத்தீனில் 'சைனஸ்' என்பது வளைவையும் மடிப்பையும் குறிக்கும். மார்பின் குறுக்கே அணிந்த ஆடையின் மடிப்பு, அதனால் மார்பகம், கரை வளைந்த கடற்குடா ஆகியனவும் இப்பெயர் பெற்றன. பண்டை லத்தீன் நிலப்படங்களில் வங்காள விரிகுடாவின் பெயர் 'சைனஸ் காங்கெடிகஸ்', அதாவது கங்கைக் குடா.

கணிதத்திற்கு இச்சொல் வந்த வழி விந்தையானது. கி.பி. 499 இல் ஆரியபடர், வட்டவில்லின் அரைநாண்களைக் கணக்கிட்டு 24 மதிப்புகளைத் தந்தார். நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா', 'ஜீவா' என்பன பெயர்கள். அரேபியர் இதனை ஒலிவழியே 'ஜீபா' என எழுதினர். அவர்கள் எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. ஆதலால் அது 'ஜைப்' என்றும் படிக்கப்பட்டது. 'ஜைப்' என்றால் ஆடையின் மார்புத் திறப்பு, பை. நாம் வழங்கும் 'சட்டை ஜேபி'யும் இதன் வழிவந்ததே. 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்தோர் அப்பொருளையே கொண்டு 'சைனஸ்' என்றனர். இவ்வாறு வில்லின் நாண் ஆடையின் மடிப்பாயிற்று.

உடற்கூற்று நூலார் இச்சொல்லைக் குழிவுகளுக்கு வழங்கினர். மூக்கைச் சூழ்ந்த எலும்புகளில் நெற்றி, கன்னம், கண்களின் இடைப்புறம், மூக்கின் பின்புறம் என நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. கன்ன அறையின் வாய் அதன் மேற்பகுதியில் அமைந்துள்ளது. எனவே நிமிர்ந்து நிற்கையில் சளி தானே வடிவதில்லை. உட்சவ்வின் நுண்மயிர்களே அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தடுமனால் சவ்வு வீங்கி வாய் அடைபட்டால் சளி தேங்கும், முகம் கனக்கும், வலி தோன்றும். மூளையுறையிலும் இதயத்திலும் உள்ள சில சிரைக்குழிவுகளுக்கும் இதே பெயர் உண்டு.

ஆகவே 'எனக்குச் சைனஸ் இருக்கிறது' என்று நோயைக் குறிப்பது பிழை. சைனஸ் உறுப்பின் பெயர். அதன் அழற்சியே நோய், அதற்குச் 'சைனசைட்டிஸ்' என்று பெயர். மாணவன் இதனை உணர்ந்தால் நோயின் காரணத்தையும் எளிதில் உணர்வான். சைன் அட்டவணையைக் கற்பிக்கும் ஆசிரியரும் முதலில் வில்லையும் நாணையும் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் நலம். சொல் மாறினும் ஆரியபடர் கண்ட பொருள் அப்படத்தில் மாறாது நிற்கிறது.