பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பின் அடிப்படைப் பாடங்கள்

மருத்துவரிடம் வந்து அமர்பவர் ஒரு நோயாளி. பொதுச் சுகாதார அதிகாரியின் முன் வந்து நிற்பதோ ஓர் ஊர், ஒரு மாவட்டம், சில வேளைகளில் ஒரு மாநிலமே. ஒரு மாவட்டத்தின் நாடியை எவ்வாறு பார்ப்பது? அதைக் கற்பிக்கும் பொருட்டே பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டப்படிப்பு ஏற்பட்டுள்ளது.

இத்துறையில் நம் நாட்டின் அனுபவம் புதியதன்று. அகில இந்திய உடல்நலவியல், பொதுச் சுகாதார நிறுவனம் கல்கத்தாவில் 1932-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 1943-இல் அமைக்கப்பெற்று 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, நோய் தீர்ப்பதும் நோய் தடுப்பதும் ஒரே அமைப்பில் இணைந்து நடைபெறல் வேண்டும் என்று வற்புறுத்தியது. எனினும் நெடுங்காலம் இப்பயிற்சி பெரும்பாலும் மருத்துவப் பட்டதாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1997-இல் திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இப்படிப்பை ஏற்றன. செவிலியர், சமூகவியலாளர், பொருளாதாரம் பயின்றோர் ஆகியோருக்கும் கதவு திறந்தது. பொருளாதார மாணவனாகிய நான் இதைப் பற்றி எழுதத் துணிவதற்கும் அதுவே காரணம்.

இப்படிப்பின் அடித்தளமாக உலகெங்கும் ஐந்து பாடங்களைக் கூறுவது மரபு: நோய்ப் பரவல் இயல், உயிர்ப் புள்ளியியல், சுற்றுப்புறச் சுகாதாரம், சமூக நடத்தை அறிவியல், சுகாதார நிர்வாகமும் கொள்கையும். அட்டவணையில் ஐந்தும் சமமாகத் தோன்றும். நடைமுறையில் முதல் இரண்டையும் சரிவரக் கல்லாதவருக்கு மற்ற மூன்றும் பயன்படா என்பது என் கருத்து.

பகுதி எண்ணும் தொகுதி எண்ணும்

எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப் பரவல் இயல் கேட்கும் வினாக்கள் எளியவை: யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது? காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு இதற்குத் தக்க பாடமாகும். அங்கு முன்கழுத்துக் கழலை நோய் மிகுந்திருந்தது. பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். அயோடின் பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் 1962-இல் தோன்றியதற்கு இவ்வாய்வு துணை நின்றது. ஒப்பிடுவதற்கென ஒரு பகுதியை விட்டுவைத்திராவிடில், மாற்றம் உப்பினால் விளைந்ததா, வேறு காரணத்தால் விளைந்ததா என்று எவரும் துணிந்து கூறியிருக்க இயலாது.

ஒப்பிடும் முறை பிழைத்தால் என்ன நேரும்? நான் பங்குகொண்ட ஒரு பரிசீலனைக் கூட்டத்தைச் சொல்லலாம். ஒரு மாநிலத்தின் மாவட்டங்கள், பதிவான நோயாளிகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. கடைசி இடத்தில் இருந்த மாவட்டத்திடம் விளக்கம் கோரப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் எண்ணிக்கை குறைந்தது, பாராட்டும் கிடைத்தது. குறைந்தது நோயன்று, பரிசோதனை என்பது பிறகே தெரிய வந்தது. எத்தனை பேரைச் சோதித்ததில் இத்தனை பேர் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. கூட்டத்தில் எவரும் கேட்கவும் இல்லை. அந்த வரிசைப் பட்டியலின்மீது குறிப்பு எழுதியவர்களுள் நானும் ஒருவன். முதுநிலை மாணவர் முதல் பருவத்திலேயே கற்கும் செய்தி இது: மேலே உள்ள எண்ணைப் பார்க்குமுன் கீழே உள்ள எண்ணைக் கேள்.

புள்ளியியல் வகுப்பில் கற்பிக்கும் ஒரு கணக்கையும் இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு உள்ளது எனக் கொள்வோம். நோயுள்ளோரில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டறியும் சோதனை ஒன்று நம்மிடம் இருக்கிறது. நோயற்றோரில் 95 சதவீதத்தினரை நோயற்றோர் என்றே அது காட்டும். கேட்பதற்கு நல்ல சோதனைதான். 10,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 90 பேர் அகப்படுவர். நோயற்ற 9,900 பேரில் 495 பேரும் நோயாளிகள் எனக் காட்டப்படுவர். ஆக, ‘நோய் உண்டு’ என்று முத்திரை பெறும் 585 பேரில் உண்மை நோயாளிகள் 90 பேரே. ஏறத்தாழ 15 சதவீதம். எஞ்சியோரின் அலைச்சலுக்கும் அச்சத்திற்கும் மறுசோதனைச் செலவுக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? எல்லோரையும் சோதிப்போம் என்னும் நல்லெண்ணத் திட்டங்கள் பல இந்த வினாவிலேயே தடுமாறுகின்றன.

வீடும் விடுதியும்

சமூக நடத்தை அறிவியலைச் சிலர் மென்மையான பாடம் என எண்ணி ஒதுக்குவர். சென்னையில் 1956-இல் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் முதல் ஆய்வை அவர்கள் அறிதல் நலம். நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்தில் சேர்த்தனர். மறு சாராருக்கு வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தனர். சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் கிடைத்தன. வீட்டில் நெருக்கடியும் வறுமையும் இருந்தன. எனினும் 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டில் உடனிருந்தோருக்குத் தனியாகக் கூடுதல் ஆபத்தும் காணப்படவில்லை. படுக்கைகள் மிகச் சிலவாகவும் நோயாளிகள் மிகப் பலராகவும் இருந்த நாட்டிற்கு இம்முடிவு எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

குலுக்கல் புள்ளியியலுக்குரியது; உடனிருந்தோரைத் தொடர்ந்து கண்காணித்தது நோய்ப் பரவல் இயலுக்குரியது. ஆனால் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டதை உறுதிசெய்ததும் மனித இயல்பை அறிந்தவர்கள் வகுத்த முறைகள். உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்துவது நம் எல்லோருக்கும் இயல்பு அல்லவா?

சுற்றுப்புறச் சுகாதாரத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. குடிநீர், கழிவுநீர், காற்று, தொழிற்சாலைப் புகை என அதன் எல்லை யாவரும் அறிந்ததே. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். இப்பாடத்தைக் கற்றவர் பணிபுரிய வேண்டிய இடம் பெரும்பாலும் சுகாதாரத் துறையன்று. குடிநீர் வாரியமும் நகராட்சியும் வேறு துறைகளின் கீழ் உள்ளன. அவற்றின் வரவு செலவுத் தாளைப் படிக்கத் தெரியாத சுகாதார அதிகாரியின் பரிந்துரை கோப்பிலேயே தங்கிவிடும்.

பணம் யார் பையிலிருந்து?

நிர்வாகப் பாடத்தின் ஒரு பிரிவாகச் சுகாதாரப் பொருளாதாரம் பல இடங்களில் கற்பிக்கப்படுகிறது. சில இடங்களில் விருப்பப் பாடமாகவே நின்றுவிடுகிறது. இது எனக்கு ஏற்புடையதன்று. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம். பெரிய இறக்கம்தான். ஆனால் இந்த எண்ணையும் மாணவர் முன்பு கற்ற முறைப்படியே சோதித்தல் வேண்டும். அரசின் செலவு உயர்ந்தமையால் பங்கு குறைந்ததா? காப்பீடு பரவியமையாலா? அன்றி, செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையே பெறாதவர்களும் இதில் உளரா? சிகிச்சை பெறாத ஏழையின் செலவு சுழியம்; கணக்கேட்டில் அவர் பாதுகாக்கப்பட்டவரைப் போலவே காட்சியளிப்பார். அவரைத் தேடிக் கண்டறிய வீடு வீடாக எடுக்கும் மாதிரி ஆய்வு தேவை. அதன் வினாத்தாளில், நோயுற்றும் சிகிச்சை பெறாததன் காரணத்தைக் கேட்கும் வினா இடம்பெறல் வேண்டும்.