பத்து கிலோமீட்டர் ஒரு தூரமா? சைக்கிளில் வேலைக்குப் போகப் பழகுவோம்



டவுனில் நல்ல வேலை கிடைத்தும் "காலையில எட்டரைக்குள்ள போய்ச் சேர முடியல, சாயந்திரம் பஸ் இல்ல" என்று சொல்லி வேலையை விட்டவர்கள் நம் குழுக்களில் எத்தனை பேர்? தையல் வேலை, கடை வேலை, ஆஸ்பத்திரி வேலை என்று கையில் வந்த வேலை, நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரால் போய்விடுகிறது. கூலி குறைவு என்று விட்டால் அது ஒரு கணக்கு. வழி இல்லை என்று விட்டால் அதற்கு நாம் வழி தேட வேண்டாமா?

2021-ஆம் ஆண்டு மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நமக்கு அது பெரிய உதவி. ஆனால் டிக்கெட் இலவசமானாலும் பஸ் வரும் நேரம் நம் கையில் இல்லை. மெயின் ரோட்டில் இருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு நடைதான். சைக்கிள் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. நாம் கிளம்பும் நேரம்தான் அதற்கும் நேரம்.

புதுக்கோட்டையில் நடந்தது

"பொம்பளைங்க அவ்வளவு தூரம் மிதிப்பாங்களா?" என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்து கற்பதோடு சைக்கிள் கற்பதையும் அவர் இயக்கத்தில் சேர்த்தார். வெளியே போய்வர முடியாத பெண்ணுக்கு, படித்த எழுத்து பாதிப் பயன்தான் தரும் என்பதே காரணம். சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து இதை எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் கேலிப் பேச்சும் அசிங்கப் பேச்சும் இருந்தன. பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். முன்னால் பார் இருப்பதால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை என்று போனார்கள். விளைபொருளை விற்கப் போகிறவர்களுக்குப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரம் மிச்சமானது. யாராவது ஆண் கொண்டுபோய் விடட்டும் என்று காத்திருப்பதும் போனது.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. அதை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் சுமார் 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் இந்தப் பலன் அதிகம். தூரம் கூடக்கூட சைக்கிளின் அருமையும் கூடுகிறது.

நம் காலுக்குப் பலம் உண்டு

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நம்மில் எத்தனை பேர் வெறுங்காலோடு அதைச் சுற்றி வருகிறோம்! நாலு மணி நேரம் ஆகிறது. அதே 14 கிலோமீட்டரைப் புதிதாகப் பழகியவர் சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடக்கும்போது மணிக்கு நாலு கிலோமீட்டர், நிதானமாக மிதித்தால் மணிக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர். மலையை நடந்து சுற்றும் காலுக்கு வேலைக்குப் போகும் தூரம் முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரே நாளில் அல்ல, படிப்படியாகப் பழக வேண்டும்.

நாலு வாரப் பாடம்

(சைக்கிளே தெரியாதவர்கள் முதலில் பள்ளிக்கூட மைதானத்தில், கேரியரை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் பழகிவிட்டு வாருங்கள்.)

முதல் வாரம்: தினமும் ஊருக்குள் 3 கிலோமீட்டர். ஏறுவது, இறங்குவது, சட்டென்று பிரேக் பிடிப்பது. ஹேண்டில் வளையாமல் பின்னால் திரும்பிப் பார்க்கவும், ஒரு கையை விட்டுச் சிக்னல் காட்டவும் பழகுங்கள். மெயின் ரோட்டில் உயிரைக் காப்பது இதுதான்.

இரண்டாம் வாரம்: ஒருநாள் விட்டு ஒருநாள் 6 கிலோமீட்டர். துணைக்கு ஒரு உறுப்பினரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்திலும் தொடையிலும் வலி இருக்கும். சில நாளில் சரியாகிவிடும்.

மூன்றாம் வாரம்: ஞாயிற்றுக்கிழமை வேலை இடம் வரை முழுத் தூரமும் போய் வாருங்கள். கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை, தண்ணீர் கிடைக்கும் இடம், இருட்டான இடம் எது என்று குறித்து வையுங்கள்.

நாலாம் வாரம்: வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சைக்கிளில் வேலைக்கு. மற்ற நாள் பஸ். பிறகு மூன்று நாள், நாலு நாள் என்று கூட்டுங்கள். மழை நாளிலும் உடம்பு முடியாத நாளிலும் பஸ்ஸில் போனால் அது தோல்வி இல்லை.

வண்டியைத் தயார் செய்வோம்

புது சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்து வந்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் பல வீட்டில் அது திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. டியூப், பிரேக் கட்டை மாற்றி, ஓவராயிலிங் செய்தால் அதுவே போதும்.

* சீட் உயரம் முக்கியம். உட்கார்ந்து பெடலைக் கீழே மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் தூரம் போகும்போது முட்டி வலிக்கும்.
* காற்று குறைந்தால் மிதி கனக்கும். வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய்.
* செயின் கவர், பின் சக்கரத்துக்குப் புடவை கார்டு கட்டாயம். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள்.
* பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் லைட் இல்லாமல் இருட்டில் கிளம்பாதீர்கள்.

வழியில் கவனம்

செங்கம் ரோடும் திண்டிவனம் ரோடும் கிருஷ்ணகிரி - திண்டிவனம் நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் வேகமாக வரும். இடது ஓரமாகவே போங்கள், இருவர் சேர்ந்து போனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கரும்பு டிராக்டரை முந்த வேண்டாம். உள்ரோடு இருந்தால் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் அதில் போங்கள். பௌர்ணமி, தீபத் திருநாள் அன்று டவுன் ரோடுகளில் கூட்டம் தாங்காது, அன்று முன்கூட்டியே கிளம்புங்கள்.

ஆடிக் காற்று எதிரே அடித்தால் பதினைந்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, தலை சுற்றினால் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். மாதவிலக்கு நாளில் வலி இல்லை என்றால் தாராளமாக ஓட்டலாம். கர்ப்பிணிகள் டாக்டரையோ செவிலியரையோ கேட்காமல் ஓட்ட வேண்டாம்.

யாராவது தொல்லை கொடுத்தால் மறைக்காதீர்கள். வீட்டில் சொன்னால் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தால் குழுவில் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181. சேர்ந்து போவதே நல்ல பாதுகாப்பு.

கடன் கணக்கு

சைக்கிள் விலை ரூ. 6,000 என்று வைத்துக்கொள்வோம். குழுவில் உள்கடன் எடுத்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில், குறையும் பாக்கிக்கு வட்டி போட்டு, 12 தவணையில் கட்டினால் அசல் மாதம் ரூ. 500. முதல் மாத வட்டி ரூ. 60, கடைசி மாதம் ரூ. 5. மொத்த வட்டி ரூ. 390. பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு ரூ. 40 கொடுப்பவர், மாதம் 25 நாளைக்கு ரூ. 1,000 கொடுக்கிறார். அவருக்கு ஏழாவது மாதத்துக்குள் சைக்கிள் செலவு முழுவதும் திரும்பிவிடும். நகைக்கும் சீருக்கும் உள்கடன் தரும் நாம், சம்பாதிக்கப் போகும் வண்டிக்குத் தரத் தயங்கலாமா?

வீட்டில் மாமியாரோ வீட்டுக்காரரோ "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டால் சண்டை வேண்டாம். மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரை உடன் வரச் சொல்லுங்கள். வழியைக் கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. தூரம் காரணமாக வேலையையோ படிப்பையோ விட்டவர்கள் நம் குழுவில் யார் யார்?
2. சும்மா கிடக்கும் சைக்கிள் எத்தனை வீட்டில் இருக்கிறது? பழகிக்கொள்ளக் கொடுப்பார்களா?
3. ஓட்டத் தெரிந்தவர் யார்? கற்றுத்தர வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவாரா?
4. சைக்கிளுக்கு உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் குறியுங்கள். நாலு வாரம் கழித்து அதே பக்கத்தைத் திருப்பி, எத்தனை பேர் பழகினார்கள் என்று பாருங்கள்.