கொழும்புப் பெருநகரப் பிராந்தியம்: அமைவிடமும் குடித்தொகையும்

மாணவர்களே! 'கொழும்பின் குடித்தொகை யாது?' என்று கேட்டால் உடனே ஓர் எண்ணை எழுதிவிடாதீர்கள். எந்தக் கொழும்பு என்பதை முதலில் கவனியுங்கள். பலர் புள்ளிகளை இழப்பது இவ்விடத்தில்தான்.

1. எல்லையும் குடித்தொகையும் (2012 குடிசன மதிப்பு)
அ) மாநகரம்: சுமார் 37 ச.கி.மீ.; ஏறத்தாழ 5.6 இலட்சம்.
ஆ) மாவட்டம்: 699 ச.கி.மீ.; 2,324,349.
இ) பெருநகரப் பிராந்தியம் (கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்கள் அடங்கிய மேல் மாகாணம்): 3,684 ச.கி.மீ.; 5,851,130.

2. அமைவிடம்
மேற்கே இந்து சமுத்திரம். மாநகரின் வடக்கே களனி கங்கை கடலில் கலக்கிறது. தாழ்ந்த கரையோரச் சமவெளியும் சதுப்பு நிலமும் காணப்படுவதால் வெள்ள அபாயம் உண்டு.

3. மக்கள் செறிவுக்கான காரணங்கள்
துறைமுகம், கட்டுநாயக்க விமான நிலையம், 1978 இல் அங்கு தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம், கொழும்பில் வந்து சேரும் வீதிகளும் புகையிரதப் பாதைகளும்.

4. குடியடர்த்தி
குடித்தொகையைப் பரப்பளவால் வகுக்க வேண்டும்.
மேல் மாகாணம்: 5,851,130 ÷ 3,684 = சுமார் 1,588
அம்பாறை மாவட்டம்: 649,402 ÷ 4,415 = சுமார் 147

ஆனால் 147 என்பது சராசரி மட்டுமே. நமது கல்முனையைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல்; இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மாவட்டச் சராசரி இந்த நெருக்கத்தைக் காட்டாது.

5. அண்மைய மாற்றம்
2024 குடிசன மதிப்பில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தை முந்தியது. நகரம் வெளிநோக்கி விரிவதை இது உணர்த்துகிறது.

பயிற்சி: கொழும்பைப் போல் கல்முனை வெளிநோக்கி விரிவடைய முடியாமைக்கு இரண்டு காரணங்கள் தருக.