காரைக்கால் முதல் வேளாங்கண்ணி வரை: நடந்து கற்கும் வரலாறு

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், காவியுடை அணிந்த மக்கள் சிறு தேரில் மாதா சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு நம் ஊர் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வதைக் காண்கிறோம். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறந்தநாள் விழா. அவர்களுள் பலர் சென்னையிலிருந்தே நடந்து வருபவர்கள். நமக்கோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் ஏழரை மணி நேரம். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் பேருந்தில் உறங்கியபடியே அவ்வழியைக் கடந்துவிடுகிறோம்!

ஸ்பெயின் நாட்டின் கலீசியாப் பகுதியில், ஓக் மரக் காடுகளையும் பழைமையான கிராமங்களையும் ஊடறுத்து, சந்தியாகப்பர் பேராலயத்துக்குச் செல்லும் திருப்பயணப் பாதை ஒன்று உண்டு. குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்து முடித்தவர்க்கு அங்கே சான்றிதழ் கிடைக்கும். நம் பாதையில் ஓக் மரம் ஏது? பனையும் சவுக்கும் தென்னையுமே உண்டு. ஆனால் பழைய ஊர்களுக்குக் குறைவில்லை.

தேற்றரவு அன்னை ஆலயத்தில் செபித்துவிட்டுப் புறப்பட்டால் முதலில் அரசலாறு. பின்னர் திருமலைராஜனாறு, வெட்டாறு, கடுவையாறு எனப் பாலங்கள் தொடரும். காவிரி கடலை அடையுமுன் பல கைகளாகப் பிரிகின்றது என்று பூகோளப் பாடத்தில் படித்ததை இங்கே கால்களே எண்ணிச் சொல்லும்.

திருமலைராயன்பட்டினம் காளமேகப் புலவரின் கதைகளோடு தொடர்புடைய ஊர். வாஞ்சூரில் புதுவை மாநில எல்லை முடிகிறது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதி அது. 1954-இல் ஆட்சி கைமாறியது. அந்நாளில் இவ்வெல்லையைக் கடப்பது வேறொரு நாட்டுக்குள் கால் வைப்பதாகும். தாத்தா பாட்டியரைக் கேட்டால் அவர்கள் தம் பெற்றோரிடம் கேட்ட கதைகளைச் சொல்வார்கள், எழுதி வையுங்கள்.

நாகூரில் தர்காவின் ஐந்து மினாராக்கள் தொலைவிலேயே தெரியும். அவற்றுள் உயரமானதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். மாதாவிடம் செல்லும் நம்மவருள் பலர் அங்கும் சற்று நின்று செல்வதுண்டு.

நாகப்பட்டினத்தில் கொஞ்சம் தங்க வேண்டும். இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டதைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து சென்று, லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரரும், அவர்களிடமிருந்து 1781-இல் ஆங்கிலேயரும் இவ்வூரைக் கைப்பற்றினர். பௌத்தக் கோபுரம் என்று அறிஞர் கருதும் பழைய செங்கற் கோபுரம் ஒன்றை, அரசின் இசைவுடன் 1867-இல் இடித்தவர்கள் நம் இயேசு சபைக் குருக்களே. இதை மறைத்துப் பாடம் சொல்வது முறையன்று.

அதற்குத் தெற்கே கடற்கரைச் சிற்றூர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. ஆழிப்பேரலை இக்கரை நெடுகிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். உயர்ந்த மணல்மேடுகள் அழியாமல் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. வழியில் மணல் அள்ளப்பட்ட பள்ளத்தைக் கண்டால் இதை நினையுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு ஒரு சொல். சாலையில் கனரக வண்டிகள் மிகுதி. பிள்ளைகள் பெரியோருடன், வலப்புற ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடியே நடக்கட்டும். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் நடக்கிறார்கள். அப்போது கைவிளக்கும் வெளிர்நிற உடையும் இன்றியமையாதவை. வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொள்ளுமுன் தாயாரைக் கேளுங்கள். நண்பகல் தார்ச்சாலை நேர்த்தியை அறியாது.

வேளாங்கண்ணியில் 1962-இல் பசிலிக்கா தகுதி பெற்ற பேராலயத்துக்கு நேரே ஓடிவிடாமல், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு அன்னை காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நடுத்திட்டுக்கும் செல்லுங்கள். அச்சிறுவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது மரபு. அன்று அவன் ஓடிய வழியின் எதிர்த்திசையில்தான் நீங்கள் நடந்து வந்திருப்பீர்கள்.