ஒலிக் கலப்பியில் சமனற்ற சைகை மட்டங்கள்: பழுதைக் கண்டறிதல்

பாடசாலைக் கலைவிழா மேடையில் ஒரே வகையான இரு ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அறிவிப்பாளர் இருவரும் ஏறத்தாழ ஒரே உரப்புடன் பேசுகின்றனர். எனினும் 1 ஆம் சனலின் குரல் தெளிவாகக் கேட்க, 2 ஆம் சனலின் குரல் நலிவாகவே கேட்கின்றது. ஒலிக் கலப்பியின் (மிக்சர்) முன்னே நீங்கள் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

“2 ஆம் சனலின் ஃபேடரை உயர்த்துவேன்” என்று எழுதத் தோன்றும். அது பழுதை மறைக்குமேயன்றி நீக்காது. சைகையுடன் இரைச்சலும் சேர்ந்தே உயரும். அத்துடன், நலிவுக்குக் காரணம் தளர்ந்த தொடுகையாயின், அது திடீரென இணையும் கணத்தில் பேரோசை வெளிவந்து ஒலிபெருக்கியைப் பழுதாக்கலாம். ஆகவே முதலில் பழுதின் இடத்தைக் கண்டறிதல் வேண்டும்.

சைகை செல்லும் பாதையை மனத்திற் கொள்க. ஒலிவாங்கி, வடம், முன்விரியலாக்கி, இன்சேட் குதை, சுரச் சீராக்கி, ஃபேடர், பான் குமிழ், பிரதான வெளியீடு என்பதே பெரும்பாலான கலப்பிகளில் உள்ள ஒழுங்கு. ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ற்று மாத்திரமே. அதனைப் பயன்படுத்தத்தக்க அளவுக்கு உயர்த்துவது முன்விரியலாக்கி. (திரான்சிற்றர் விரியலாக்கியாகத் தொழிற்படும் விதத்தை இலத்திரனியல் அலகில் கற்றுள்ளீர்கள்.)

இரு சனல்களுக்கும் 2 மில்லிவோல்ற்று சைகை வழங்கப்படுகின்றது. முன்விரியலாக்கியின் பின் 1 ஆம் சனலில் 200 மில்லிவோல்ற்றும் 2 ஆம் சனலில் 100 மில்லிவோல்ற்றும் கிடைக்கின்றன எனின்,

1 ஆம் சனலின் நயம் = 20 × மடக்கை 100 = 40 டெசிபெல்
2 ஆம் சனலின் நயம் = 20 × மடக்கை 50 = 20 × 1.6990 ≈ 34 டெசிபெல்

வேறுபாடு 6 டெசிபெல். அழுத்தம் அரைவாசியாகும் போதெல்லாம் இந்த 6 டெசிபெல் வரும், நினைவில் வைத்திருங்கள். மலிவான கலப்பிகளில் நயக் குமிழைச் சுற்றியுள்ள எண்கள் அண்ணளவானவையே. எனவே குமிழின் அடையாளத்தை விட மட்டமானியின் வாசிப்பையே நம்புக.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். இரு சனல்களின் நயம், சுரச் சீராக்கி, சைகையைக் குறைக்கும் ‘பாட்’ ஆளி ஆகியவற்றை ஒரே நிலையில் வைக்க. ‘பாட்’ ஆளி ஒன்றில் மாத்திரம் அழுத்தப்பட்டிருத்தல் மிகச் சாதாரணமாக நிகழ்வது. அதன் பின் பிரதான ஃபேடரைத் தாழ்த்தி, 48 வோல்ற்று வழங்கல் இருப்பின் நிறுத்தி, கலப்பியின் பக்கமுள்ள இரு செருகிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுக. (கொள்ளளவி ஒலிவாங்கியாயின் வழங்கலை மீண்டும் இடவேண்டும்.) நலிவு இப்போது 1 ஆம் சனலுக்கு மாறினால் குற்றம் ஒலிவாங்கியிலோ வடத்திலோ உள்ளது. 2 ஆம் சனலிலேயே நின்றால் குற்றம் கலப்பியில். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. வடத்தையும் ஒலிவாங்கியையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி எனத் தெரியாது.

வடத்தின் இரு முனைகளையும் கழற்றிப் பல்மானியால் தொடர்ச்சியைச் சோதிக்கலாம். எக்ஸ்.எல்.ஆர் செருகியில் 1 ஆம் ஊசி கவசத்துக்குரியது. 2 உம் 3 உம் சைகைக்குரியவை. இயங்கு சுருள் ஒலிவாங்கியின் வடத்தில் 2 அல்லது 3 அறுந்திருப்பின் குரல் நலிவதோடு தாழ்சுரமும் இழந்து மெலிந்து ஒலிக்கும். இது நல்லதோர் அடையாளம்.

குற்றம் கலப்பியிலெனின் பி.எஃப்.எல் பொத்தானை அழுத்துக. அது ஃபேடருக்கு முன்னுள்ள சைகையைக் காட்டும். பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். அங்கேயே நலிவு தெரிந்தால் இன்சேட் குதையைச் சந்தேகிக்க. வெளிக்கருவி எதுவும் செருகப்படாதபோது சைகை அக்குதையினுள் உள்ள சிறு தொடுகையினூடாகவே செல்கின்றது. பல மாதம் பயன்படுத்தாதுவிட்டால் அதில் ஒட்சைட்டுப் படை தோன்றித் தடை கூடும். நமது ஈரலிப்பான காலநிலையில் இது அரிதல்ல. வெறுஞ் செருகியொன்றைப் பலமுறை செருகி எடுத்தபின் மட்டம் மீண்டால் காரணம் அதுவே.

மாதிரி வினா: செருகிகளை மாற்றிய பின்னரும் 2 ஆம் சனலே நலிவாக உள்ளது. பி.எஃப்.எல் அழுத்தியபோது இரு சனல்களும் சம மட்டத்தைக் காட்டுகின்றன. பழுது எப்பகுதியில் உள்ளது? காரணம் தருக.

விடை: ஃபேடரில் அல்லது அதற்குப் பின்னுள்ள பகுதியில். ஃபேடருக்கு முன் சைகை சமனாக உள்ளமையால் ஒலிவாங்கி, வடம், முன்விரியலாக்கி ஆகியன குற்றமற்றவை. பான் குமிழ் ஒரு பக்கம் திரும்பியுள்ளதா என முதலில் நோக்குதல் வேண்டும். ஃபேடரை நகர்த்தும்போது கரகரப்புக் கேட்பின் அதன் காபன் தடத்தில் தூசு படிந்திருக்கலாம்.