பழகிப்போகுமா?

"காய்ப்புழு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்பது விருதுநகர் கரிசல் காட்டில் பருத்தி போட்டவர்களின் பேச்சு. "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும்" என்பது பட்டாசு ஆலைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்குச் சொல்லும் ஆறுதல். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: தொல்லை தொடர்ந்தால் உயிர் தன்னை மாற்றிக்கொள்ளும். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஆளையே கெடுக்கும்.

புழுவைப் பார்ப்போம். மருந்து பட்ட புழு எதற்கும் பழகுவதில்லை, செத்துப்போகிறது. ஆனால் பெருங்கூட்டத்தில் ஏதோ ஒன்றிரண்டுக்கு, மருந்து தெளிப்பதற்கு முன்பே, அந்த நஞ்சைத் தாங்கும் மரபணு பிறவியிலேயே இருக்கும். மற்றவை ஒழிந்தபின் காடு முழுக்க இவற்றின் வாரிசுகள்தான். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவே.

செடியே நஞ்சை உண்டாக்கும் பி.டி. பருத்திக்கு 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. குஜராத்தின் அம்ரேலி உள்ளிட்ட மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்குவதாக 2010-ல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நஞ்சு கொண்ட ரகம் 2006-லேயே வந்திருந்தது. பின்னாளில் அதையும் தாங்கும் புழுக்கள் பெருகின. வெளியே பச்சைப்பசேல் என்றிருக்கும் காயைக் கீறினால், கறைபிடித்த பஞ்சுக்குள் விதையைத் தின்றபடி புழு படுத்திருக்கும். நுழைந்த துளை தூர்ந்துபோயிருக்கும். மேலே எதைத் தெளித்தாலும் எட்டாது.

தாங்கும் புழுக்கள் பெருகுவதைத் தள்ளிப்போட வழி இருந்தது. விதைப் பையோடு சாதாரணப் பருத்தி விதையும் ஒரு சிறு பொட்டலமாக வந்தது. வயலைச் சுற்றி அதை விதைத்தால் நஞ்சு தாங்காத அந்துப்பூச்சிகளும் பிழைத்திருக்கும். தாங்கும் ஒன்றிரண்டு அவற்றோடு இணைந்தால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை நஞ்சுக்கு மடியும். புழுவுக்கு எதற்கு இடம் விடுவது என்று பலர் விதைக்கவில்லை. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பொட்டலம் எதற்கென்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை.

"சீமைக்கருவேலம் நம்ம வறட்சிக்கு ஏத்த மாதிரி மாறிக்கிச்சு" என்பதும் அடிக்கடி காதில் விழும். அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களில் நெடுங்காலம் நடந்த தேர்வு அதற்கு ஆழமான வேரைத் தந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தபோது அந்த வேரோடுதான் வந்தது. நம் கண்மாய்க்காக அது எதையும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் பரப்பியது. மீதியெல்லாம் தானாக நடந்தது.

இனி பட்டாசு ஆலைக்கு வந்த அந்தப் பெண். உடம்பு சிலவற்றுக்குப் பழகும், மறுக்கவில்லை. உள்ளங்கை காய்த்துப்போகும். ஒன்றிரண்டு வாரத்தில் வெயிலுக்கு ஈடுகொடுத்துச் சீக்கிரமே வியர்க்கும். அவையெல்லாம் அந்த உடம்போடு சரி, பிள்ளைக்குப் போகாது. முதல் நாள் மூக்கைத் துளைத்த வெடிமருந்து நெடி பிறகு தெரியாமல் போகும். மூக்குதான் சொல்வதை நிறுத்தியிருக்கிறது. தூசி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் விடாமல் நகக்கண்ணில் மினுக்கும் அலுமினியத் தூள், மூச்சுக்காற்றோடும் போகிறது.

"பரம்பரை பரம்பரையாப் பார்க்கிற தொழில், நம்ம ரத்தத்துலயே தாங்கும்" என்பாரும் உண்டு. இந்தத் தொழிலுக்கு வித்திட்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனது 1922-ல். மனிதக் கணக்கில் நாலு தலைமுறை. புழுவுக்கு நாலு தலைமுறை ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். காலம் இருந்தாலும் பயனில்லை. யார் அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்கிறார் என்ற ஒன்றின் வழியாகவே தேர்வு வேலை செய்யும். பிள்ளைகள் வளர்ந்தபின், நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சை அடைக்கும் நோய் அதன் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை.

மனிதரில் தேர்வு வேலை செய்த இடத்தையும் பார்க்கலாம். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் இருப்பது 1952-ல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க வலி.

பட்டாசுத் தொழிலாளியின் நுரையீரலைக் காப்பது முகக்கவசம், காற்றோட்டமான அறை, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர், ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை ஆகியவைதான். "பழகிடும்" என்று சொல்லி இவற்றைத் தட்டிக்கழிக்க எந்த போர்மேனுக்கும் முதலாளிக்கும் உரிமையில்லை.